கதை சொல்றவருக்கு ஒரு தாள், வாசிக்கிறவங்களுக்கு ஒரு தாள்: வசனத்தையும் நோட்டேஷனையும் எதுல சேர்க்கிறது?

பினாங்குல நம்ம ஆளுங்க நடத்துற கலை நிகழ்ச்சி எதை எடுத்தாலும் இப்ப பாட்டு மட்டும் இருக்கிறதில்ல, நடுவுல ஒருத்தர் மைக் பிடிச்சு கதை சொல்வார், பின்னால வயலினும் கீபோர்டும் மெதுவா ஓடும், கதை ஒரு இடத்துல நிக்கும், டக்குன்னு பாட்டு எடுக்கணும். இதுல வாசிக்கிறவங்க கையில என்ன தாள் இருக்கணும், கதை சொல்றவர் கையில என்ன இருக்கணும், அதை எந்த சாஃப்ட்வேர்ல செய்றது, இதுதான் எங்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி. கேக்கிறவங்க எல்லாரும் நேரா "மியூஸ்ஸ்கோரா டோரிக்கோவா"ன்னு ஆரம்பிப்பாங்க, ரெண்டுமே நோட்டேஷன், அதாவது இசைக்குறிப்பு, எழுதற சாஃப்ட்வேர். நான் அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு கேப்பேன், அந்தத் தாள் யார் கைக்குப் போகுது?

ஏன்னா வசனம் இசையோட சேர்ற விதம் ஒண்ணு இல்ல. ஒரு உதாரணம் வெச்சுக்குவோம், ரஜுலா கப்பல்ல நம்ம தாத்தா பாட்டிங்க வந்த கதையை அரை மணி நேர நிகழ்ச்சியா போடுறீங்க. "மெட்ராஸ்ல ஏறினவங்களும் நாகப்பட்டணத்துல ஏறினவங்களும் ஒரே தளத்துல பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டு வந்தாங்க"ன்னு ஒருத்தர் சொல்றார், அப்ப இசையே இல்ல, அது ஒரு வகை. அடுத்து கடல் நடுவுல காத்து அடிக்கிற கட்டம், வயலின் ரெண்டு ஸ்வரத்தை இழுத்துக்கிட்டே இருக்கு, அது மேல அவர் தன் போக்குல பேசறார், இது ரெண்டாவது. அப்புறம் கோரஸ் எல்லாரும் சேர்ந்து "ஏலேலோ ஐலசா"ன்னு தாளத்துக்குக் கத்துறாங்க, பாட்டு இல்ல, சுருதி கிடையாது, ஆனா ஒவ்வொரு அசையும் சரியா அடியில விழணும், இது மூணாவது. இந்த மூணுக்கும் ஒரே டூலைப் போட்டு இழுத்தா எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் தாள் அசிங்கமாத்தான் வரும்.

மூணாவதுல இருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் லேசு. தாளத்துக்குப் பேசறதை லிரிக்ஸாவே, அதாவது நோட்டுக்குக் கீழ அசை அசையா வர்ற சொல்லாவே போடணும், வேற வழியே யோசிக்க வேணாம். 1912ல இசையமைப்பாளர் ஷோன்பெர்க் பியரோ லூனேர்ங்கிற படைப்புல பாதிப் பேச்சு பாதிப் பாட்டை எழுதினப்ப நோட்டோட தண்டுல ஒரு சின்ன எக்ஸ் போட்டார், இன்னைக்கு சுருதி இல்லாத பேச்சுக்கு நோட்டோட தலையையே எக்ஸா மாத்திடறோம், எல்லா சாஃப்ட்வேர்லயும் இருக்கு. மியூஸ்ஸ்கோர்ல நான் செய்றது இப்படி: குரல்னு ஒரு வாத்தியம் சேர்த்து, ஸ்டாஃப் ப்ராப்பர்ட்டீஸ்ல போய் அஞ்சு கோட்டை ஒரு கோடாக்கி, கோட்டோட ஆரம்பத்துல வர்ற கிளெஃப் குறியை மறைச்சு, எல்லா நோட்டையும் ஒரே உயரத்துல வெச்சு, தலையை எக்ஸாக்கி, மிக்ஸர்ல மியூட் பண்ணிடுவேன், இல்லன்னா ப்ளே பண்றப்ப யாரோ ஒரே ஸ்வரத்துல ஊளையிடற மாதிரி கேக்கும். அப்புறம் முதல் நோட்டைத் தொட்டு கண்ட்ரோல் எல், "ஏ" ஹைஃபன் "லே" ஹைஃபன் "லோ", சொல் முடிஞ்சா ஸ்பேஸ், அவ்வளவுதான் அது தானா அடுத்த நோட்டுக்குப் போயிடும். நீளமான வசனம்னா வேற எங்கயாவது ஹைஃபனோட டைப் பண்ணி காப்பி எடுத்துக்கிட்டு, நோட்டு மேல கண்ட்ரோல் எல் போட்டு கண்ட்ரோல் வி, கண்ட்ரோல் வின்னு தட்டிக்கிட்டே போனா ஒவ்வொரு அசையா இறங்கும்.

தமிழை அசை பிரிக்கும்போது புள்ளி வெச்ச எழுத்து முன்னால இருக்கிற எழுத்தோடவே இருக்கட்டும். கப்-பல், வந்-த-து, நா-கப்-பட்-ட-ணம். "க-ப்பல்"ன்னு யாராவது பிரிச்சுக் கொடுத்தா கோரஸ்ல பாதிப் பேர் அந்த ப்பை அடுத்த அடியில தள்ளிடுவாங்க. இன்னொண்ணு, லிரிக்ஸ் நோட்டைத் தள்ளி இடம் பிடிக்கும், "ணங்" மாதிரி அகலமான அசை பதினாறாம் நோட்டுக்குக் கீழ வந்தா அந்த பார் (ரெண்டு செங்குத்துக் கோட்டுக்கு நடுவுல வர்ற ஒரு தாளச் சுற்று) முழுக்க விரிஞ்சு ஒரு லைனுக்கு ரெண்டு பார்தான் நிக்கும். அதனால எழுத்து சைஸை ஒரு புள்ளி ரெண்டு புள்ளி குறைங்க, ரொம்பக் குறைச்சுடாதீங்க, மேடை லைட்ல சுழியும் கொம்பும் ஒண்ணா தெரியும்.

இசை மேல பேசற ரெண்டாவது வகைதான் சிக்கல் பிடிச்சது, நிறைய பேர் இங்கதான் மாட்டறாங்க. முழு வசனத்தையும் ஸ்டாஃப் டெக்ஸ்டா நோட்டேஷன் மேல ஒட்டுவாங்க. ஸ்டாஃப் டெக்ஸ்ட் ஏதோ ஒரு நோட்டுல தொங்கற சாமான், அது தானா அடுத்த வரிக்கு மடங்காது, நீங்களே என்டர் தட்டி உடைக்கணும், அது எவ்வளவு நீளமா இருந்தாலும் கீழ இருக்கிற பாரை விரிக்காது. நாலு வரி வசனம் ஒரு பார் மேல உக்காந்து கீழ இருக்கிற லைனை எல்லாம் தள்ளிவிட்டுடும், ஒரு பக்கத்துல வர வேண்டியது மூணு பக்கம் ஆகும். வாசிக்கிறவர் எதைப் பார்ப்பார்? நோட்டையா, நாலு வரி தமிழையா? அதுவும் நம்ம குழுக்கள்ல வயலின் வாசிக்கிற பிள்ளைங்க நிறைய பேர் தேசியப் பள்ளியில படிச்சவங்க, பேசுவாங்க, ஆனா தமிழ் வாசிக்க எழுத்துக்கூட்டித்தான் வரும்.

வாசிக்கிறவருக்கு வேண்டியது கியூ மட்டும், அதாவது எப்ப எடுக்கணும்னு காட்டற அடையாளம். வசனத்தோட கடைசி மூணு நாலு சொல். "…பினாங்கு மலை தெரிஞ்சது", அங்க இருந்து வாசி. அவ்வளவு போதும், தமிழ் வாசிக்க வராத பிள்ளைங்க இருந்தா அந்த நாலு சொல்லை அவங்க பார்ட்ல (அவங்க வாத்தியத்துக்கான தனித் தாள்ல) மட்டும் அவங்க வாசிக்கிற எழுத்துல போட்டுக் கொடுங்க, யாரும் குறைஞ்சு போயிட மாட்டாங்க. இந்தக் கியூவை சிஸ்டம் டெக்ஸ்டா போடணும், மியூஸ்ஸ்கோர்ல கண்ட்ரோல் ஷிஃப்ட் டி. ஸ்டாஃப் டெக்ஸ்ட், அதாவது வெறும் கண்ட்ரோல் டி, எந்த வாத்தியத்துல போட்டீங்களோ அந்தப் பார்ட்ல மட்டும்தான் வரும், சிஸ்டம் டெக்ஸ்ட் எல்லார் பார்ட்லயும் வரும். ஸ்கோர்ல, அதாவது எல்லா வாத்தியமும் சேர்ந்த முழுத் தாள்ல, பார்க்கும்போது ரெண்டும் ஒரே மாதிரி மேலதான் நிக்கும், வித்தியாசமே தெரியாது, ஒத்திகை அன்னைக்கு ஃபுளூட்காரர் மட்டும் திருதிருன்னு முழிக்கிறப்பதான் தெரியும். டோரிக்கோவுல இதே கதைதான், ஷிஃப்ட் எக்ஸ் ஒரு வாத்தியத்துக்கு, ஷிஃப்ட் ஆல்ட் எக்ஸ் எல்லாருக்கும்.

பேச்சுக்கு அடியில எத்தனை பார் வேணும்னு கணக்குப் போடாம எழுதாதீங்க. கதை சொல்றவரை ஹென்ட்ஃபோன்ல பேசச் சொல்லி ரெக்கார்ட் பண்ணுங்க, நிதானமா, மேடையில பேசற மாதிரி. டெம்போ 72 (நிமிஷத்துக்கு 72 அடி), நாலு அடி தாளம்னா ஒரு பார் மூணேகால் செகண்டுக்குக் கொஞ்சம் மேல வரும், 40 செகண்ட் வசனத்துக்கு 12 பார். ஆனா மேடையில யாரும் 40 செகண்டுல முடிக்கிறதில்ல, ஜனங்க கை தட்டுவாங்க, இவர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார், அதனால 12 பாரை நேரா எழுதாம நாலு பாரை ரிப்பீட் போட்டு "கியூ வரைக்கும்"னு மேல எழுதிடறது உத்தமம். கடைசி ரவுண்டுக்கு யாராவது தலையாட்டணும், அது யாருன்னும் அதே தாள்லயே எழுதிடுங்க.

முதல் வகை, இசை நின்னு வெறும் பேச்சு, அதுக்குத்தான் டெக்ஸ்ட் ஃப்ரேம், பத்தி எழுதற தனிப் பெட்டி. மியூஸ்ஸ்கோர்ல இது நல்லாவே வேலை செய்யும், பத்தி பத்தியா டைப் பண்ணலாம், தானா மடங்கும், ரெண்டு பாட்டுக்கு நடுவுல உக்காரும். ஒரு குறை, டெக்ஸ்ட் ஃப்ரேம் வந்தா அதுக்கு முன்னால இருக்கிற லைன் அங்க முடிஞ்சே ஆகணும், லைன் நடுவுல போட முடியாது. பாதி லைன்ல இசை நின்னு ரெண்டு சொல் பேசி மறுபடி அதே லைன்ல தொடரணும்னா ஹாரிஸான்டல் ஃப்ரேம்னு ஒண்ணு இருக்கு, அது லைனுக்குள்ளயே இடைவெளி விடும், அந்த இடைவெளியில சின்னதா எழுதலாம். பாட்டு முடியிற இடத்துல செக்‌ஷன் பிரேக் போட்டீங்கன்னா பார் நம்பர் மறுபடி ஒண்ணுல இருந்து வரும், ப்ளேபேக்கும் அங்க சில செகண்ட் நின்னு போகும், எத்தனை செகண்ட்னு நீங்களே வைக்கலாம். நான் அதுல வசனத்தோட நீளத்தையே வெச்சிடுவேன், முழு நிகழ்ச்சியையும் ஓடவிட்டா மொத்தம் எவ்வளவு நேரம்னு ஏறக்குறைய தெரிஞ்சிடும், மண்டபக்காரங்க முதல்ல கேக்கிறதே அதைத்தான்.

ஒத்திகையில ஒருத்தர் "பதினாலாவது பார்ல இருந்து"ன்னு சொன்னா எந்தப் பாட்டோட பதினாலுன்னு ஒரு குழப்பம் வரும், செக்‌ஷன் பிரேக் போட்டா இந்தத் தொல்லையும் கூடவே வரும். பாட்டுக்கு ஏ, பி, சின்னு பெரிய எழுத்து கொடுத்துட்டா தீர்ந்தது.

இப்ப டோரிக்கோ. உண்மையைச் சொல்லணும்னா இந்த வேலைக்குன்னே பொறந்தது இதுதான். சிபெலியஸ்னு இன்னொரு நோட்டேஷன் சாஃப்ட்வேரைச் செஞ்சுக்கிட்டு இருந்த லண்டன் டீமை 2012ல அதோட கம்பெனி அவிட் கலைச்சுட்டாங்க, அவங்கள்ல நிறைய பேர் ஸ்டெய்ன்பெர்க் கம்பெனிக்குப் போய் முதல்ல இருந்து எழுதினது, 2016ல வந்துச்சு. இதுல ஒவ்வொரு பாட்டும் ஒரு ஃப்ளோ, ஒரே ஃபைல்குள்ள எத்தனை ஃப்ளோ வேணா வெக்கலாம், பக்கத்துல எங்க வேணா ஒரு டெக்ஸ்ட் ஃப்ரேம், எங்க வேணா ஒரு மியூசிக் ஃப்ரேம், அதுக்குள்ள எந்த ஃப்ளோ வரணும்னு நீங்களே சொல்லலாம். அதாவது பக்கத்தோட மேல பாதியில வசனம், கீழ நாலு லைன் இசை, ஓரத்துல ஒரு குறிப்பு, எல்லாம் ஒரே இடத்துல. கதை சொல்றவருக்குன்னு தனியா ஒரு லேஅவுட்டே செஞ்சுக்கலாம், இசையில ஒரு நோட்டை மாத்தினா அங்கயும் தானா மாறிடும். ஆனா இந்தப் பக்க வடிவமைப்பு முழுசா கிடைக்கிறது ப்ரோங்கிற பெரிய பதிப்புலதான், இலவசமா கிடைக்கிற எஸ்இ பதிப்புல அந்தக் கதவு பூட்டியிருக்கும். ப்ரோவோட விலையைப் பார்த்தீங்கன்னா கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவை வாசிக்கிற குழு வாங்கற விலையில்ல. வருஷம் முழுக்க புத்தகம் போடறவங்க, மியூசிக் சென்டர் நடத்தி பாடப் புத்தகம் அச்சடிக்கிறவங்க, அவங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.

சிபெலியஸ் ஏற்கெனவே வெச்சிருக்கீங்கன்னா விட்டுட்டு ஓட வேண்டியதில்ல, லிரிக்ஸும் கியூவும் நல்லாவே வரும், வேணுங்கிற நாலு பாரைத் தேர்ந்தெடுத்து படமா காப்பி பண்ணி வேர்ட்ல ஒட்டற வசதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். புதுசா இதுக்காகவே சந்தா கட்டணுமான்னு கேட்டா, வேணாம்னுதான் சொல்வேன். ஃபினாலேங்கிற பழைய நோட்டேஷன் சாஃப்ட்வேர் பத்தி யாராவது பெரியவங்க கேப்பாங்க, 2024 ஆகஸ்ட் 26ல இனிமே கிடையாதுன்னு கம்பெனியே அறிவிச்சுட்டாங்க, இருக்கிறது ஓடற வரைக்கும் ஓடும், அதுக்குள்ள பழைய ஃபைல் எல்லாத்தையும் மியூசிக்எக்ஸ்எம்எல்லா, அதாவது மத்த நோட்டேஷன் சாஃப்ட்வேரும் திறக்கிற பொது வடிவத்துல, எடுத்து வெச்சிருங்க. எடுக்கும்போது நோட்டும் லிரிக்ஸும் பத்திரமா வரும், பக்கத்துல தனியா வெச்ச வசனப் பத்தி மட்டும் இடம் மாறும், இல்ல காணாமலே போகும். அதனால வசனத்தை எப்பவும் வேற ஒரு ஃபைல்லயும் வெச்சுக்கோங்க.

லிலிபாண்ட் கம்ப்யூட்டர் பிரியர்களுக்கு. மௌஸ் கிடையாது, நோட்டை எல்லாம் எழுத்தா டைப் பண்ணணும், இலவசம், அச்சு அழகுக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்ல. லிலிபாண்ட்-புக் வெச்சு லேடெக்ங்கிற அச்சுக்கோர்ப்பு முறையில எழுதின கட்டுரைக்கு நடுவுல இசையைப் போடலாம், வசனம்தான் முக்கியம், இசை நடுநடுவே வந்து போகுதுன்னா அது பிரமாதமா வரும். லிப்ரே ஆஃபிஸ்ல ஊலிலிபாண்ட்னு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு, டாக்குமென்ட்குள்ள இருந்தே நோட்டேஷனை எழுதி படமா போட்டுடும், மறுபடி தொட்டா திருத்தலாம். ஆனா நாளைக்கு நீங்க ஊருக்குப் போயிட்டா குழுவுல வேற யாரும் அந்த ஃபைலைத் திறந்து ஒரு நோட்டைக்கூட மாத்த மாட்டாங்க, பயந்துடுவாங்க. நம்ம குழுக்கள் எல்லாமே ஒருத்தர் இல்லன்னா இன்னொருத்தர் பார்த்துக்கிற ஏற்பாட்டுலதான் ஓடுது, அதனால நான் இதைத் தள்ளி வெக்கிறேன்.

கதை சொல்றவரோட தாளுக்கு என்னோட ஓட்டு நோட்டேஷன் சாஃப்ட்வேருக்கே இல்ல. வேர்ட் இல்லன்னா லிப்ரே ஆஃபிஸ். அவருக்கு நோட்டு வாசிக்க வராது, பெரும்பாலும் அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியரா இருப்பார், இல்ல கோயில்ல அறிவிப்பு செய்ற அக்காவா இருப்பாங்க. "தம்பி, நான் எப்ப நிறுத்தணும், எப்ப ஆரம்பிக்கணும், அதை மட்டும் சொல்லு"ன்னுதான் கேப்பாங்க. 16 சைஸ் எழுத்து, வரிக்கு வரி நல்ல இடைவெளி, ஒரு வாக்கியமும் பக்கம் தாண்டக் கூடாது, ஏன்னா மைக் முன்னாடி தாள் புரட்டற சத்தம் ஹால் முழுக்க கேக்கும். இசை வர்ற இடத்துல சாம்பல் கலர்ல "வயலின் தனியா, சுமார் 20 செகண்ட், ஃபுளூட் உள்ள வந்ததும் பேசுங்க"ன்னு எழுதுங்க. நோட்டு வாசிக்கத் தெரிஞ்சவரா இருந்தா மட்டும் மியூஸ்ஸ்கோர்ல இருந்து ரெண்டு பாரை பிஎன்ஜி-யா எடுத்து ஒட்டலாம், 300 டிபிஐ-க்குக் குறையாம, ஓரத்து வெள்ளையை வெட்டிட்டு. ஒட்டும்போது படத்தை லிங்க்கா சேர்த்தா நல்லது, இசை மாறினா அதே பேர்ல மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணா போதும், டாக்குமென்ட்ல புதுசு வந்துடும்.

இதே முறையில முழு ஸ்கோரையும் வேர்ட்ல படமா ஒட்டி ஒரே புத்தகமா செய்றவங்க இருக்காங்க. முதல் தடவை பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா பாட்டுக்காரர் தொண்டை சரியில்ல, ஒரு சுருதி இறக்குங்கன்னு சொன்ன உடனே, மியூஸ்ஸ்கோர்ல ஒரு நிமிஷ வேலை இங்க பத்துப் படத்தை மறுபடி எடுத்து மறுபடி ஒட்டி பக்கம் எல்லாம் சரி பண்ற வேலையா ஆயிடும். அதுவும் நிகழ்ச்சிக்கு முதல் நாள் ராத்திரிதான் தொண்டை கெடும்.

தமிழ் எழுத்து பத்தி கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா எதைத் தேர்ந்தெடுத்தாலும் இது வரும். மியூஸ்ஸ்கோரோட சொந்த எழுத்துருவுல தமிழ் கிடையாது, கம்ப்யூட்டர்ல இருக்கிற ஏதோ ஒரு தமிழ் ஃபான்ட்டை அது கடன் வாங்கிக்கும், உங்க விண்டோஸ்ல ஒண்ணு, அடுத்தவர் மேக்ல வேற ஒண்ணு, அதனால உங்ககிட்ட சரியா இருந்த பக்கம் அவர்கிட்ட திறந்தா அகலம் மாறி லைன் எல்லாம் கலைஞ்சிருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி இலவச ஃபான்ட் ஒண்ணை எல்லாரும் போட்டுக்கிட்டு, ஸ்டைல்ல போய் லிரிக்ஸ், ஸ்டாஃப் டெக்ஸ்ட், சிஸ்டம் டெக்ஸ்ட், ஃப்ரேம் எல்லாத்துக்கும் அதையே வெச்சிருங்க. மேக் மட்டுமே பாவிக்கிற குழுன்னா இணைமதி அதுலயே இருக்கு, நம்ம முத்து நெடுமாறன் செஞ்ச எழுத்துரு, நோட்டேஷனுக்குக் கீழ பார்க்க அழகா இருக்கும். இன்னொரு தலைவலி, வசனம் எழுதிக் கொடுக்கிற பெரியவங்க இன்னமும் பழைய யூனிகோட் இல்லாத ஃபான்ட்ல டைப் பண்ணி அனுப்புவாங்க, காப்பி பண்ணி மியூஸ்ஸ்கோர்ல போட்டா ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வரும். சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்திட்டு ஒட்டுங்க, மாத்தினப்புறம் ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க, கொம்பும் காலும் சில சமயம் இடம் மாறியிருக்கும்.

மிருதங்கக்காரருக்கு இந்த நோட்டேஷன் எதுவுமே வேணாம். அரைப் பக்கத்துல கியூ லிஸ்ட், எந்த வசனம் முடிஞ்சா எந்தத் தாளம், எத்தனை ஆவர்த்தனம் (தாளச் சுற்று), எங்க தீர்மானம் (முடிப்பு), அவ்வளவுதான், அதைத் தரையில வெச்சுக்கிட்டு பார்க்கிற சைஸுக்குப் பெருசா அடிச்சுக் கொடுங்க.

ஆக என் கணக்குல நம்ம மாதிரி குழுவுக்கு மியூஸ்ஸ்கோர், கூட ஒரு வேர்ட் டாக்குமென்ட். மியூஸ்ஸ்கோருக்குக் காசு செலவில்ல, வேர்ட் இல்லன்னா இலவச லிப்ரே ஆஃபிஸ் போதும், குழுவுல யார் வேணா திறக்கலாம், கோரஸ் வசனம் எக்ஸ் நோட்டுல, கியூ சிஸ்டம் டெக்ஸ்ட்ல, நீளப் பேச்சு ஃப்ரேம்ல, கதை சொல்றவர் தாள் தனியா. கோலாலம்பூர்ல பெரிய மண்டபத்துல டிக்கெட் போட்டு நடத்தறவங்க, இசையை நடத்த கண்டக்டர் வெச்சு முப்பது பேர் வாசிக்கிறாங்கன்னா டோரிக்கோ ப்ரோ பக்கம் போங்க, கண்டக்டருக்கு மட்டும் முழு வசனமும் முழு ஸ்கோரும் ஒரே பக்கத்துல தேவைப்படும், அதுக்கு அந்த விலை தகும். மத்த யாருக்கும் ரெண்டும் ஒண்ணா வேணாம்.

ரெண்டு ஃபைல் வெச்சா ஒரு ஆபத்து உண்டு, வேர்ட்ல வசனத்தை மாத்திட்டு மியூஸ்ஸ்கோர் கியூவை மாத்த மறந்துடறது. கதை சொல்றவர் "மலை தெரிஞ்சது"ன்னு முடிக்காம "கரை தெரிஞ்சது"ன்னு முடிப்பார், வயலின் மலைக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். இதுக்கு கியூ சொல்லை எல்லாம் வேர்ட்ல மஞ்சள் அடிச்சு வெச்சிருங்க, மஞ்சள்ல கை வெச்சா ஸ்கோரையும் திறக்கணும்னு குழுவுல ஒரு சட்டம். ரெண்டு தாளோட அடியிலயும் ஒரே தேதி இருக்கணும். அச்சடிக்க லெபோ பாசார் பக்கம் போட்டோஸ்டேட் கடைக்குப் போறப்ப பென்டிரைவ்ல பிடிஎஃப் மட்டும் கொண்டு போங்க, வேர்ட் ஃபைலை அங்க திறந்தா அந்தக் கம்ப்யூட்டர்ல நம்ம ஃபான்ட் இருக்காது, வசனமெல்லாம் கட்டம் கட்டமா வரும். பார்ட்டை ஒரு பக்கமா மட்டும் அடிச்சு நாலு தாளை டேப் போட்டு ஒட்டி விரிச்சு வெச்சீங்கன்னா வாசிக்கிறவர் புரட்டவே வேணாம், ஃபேன் காத்துக்கு மட்டும் ரெண்டு கிளிப்.